கீஸர் மக்கர் பண்ணுதா? கடைக்கு ஓடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்!



கீஸர் கெட்டுப் போவதற்கென்றே ஒரு நேரம் இருக்கிறது. சித்திரை வெயிலில் அது கெடவே கெடாது. ஐப்பசி அடைமழையில், குழந்தைக்குச் சளி, மாமியாருக்கு மூட்டுவலி என்று வீடே முனகிக் கொண்டிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் படுத்துக் கொள்ளும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பகல் பதினோரு மணிக்கு வருவார். வீட்டுக்காரர் ஆபீஸில் இருப்பார். ஸ்டூலில் ஏறி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இது தேறாதுங்க அக்கா, புதுசு மாத்திடுங்க” என்பார் ஒருவர். “ஒரு காயில் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடுமுங்க” என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி? அந்த நேரத்தில் முடிவு சொல்ல வேண்டியது நாம்தான். எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் சமாச்சாரம். அதைவிட முக்கியம், ஈரக் கையோடு நம் வீட்டு மனுஷர்கள் தினமும் தொடுகிற மின்சார சாமான் அது.

அதனால் ‘ரிப்பேரா, புதுசா’ என்ற கேள்விக்கு நாமே பதில் கண்டுபிடிக்கும் அளவுக்கு நாலு விஷயம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. எங்கள் வீட்டிலும், அக்கம்பக்கத்திலும் பார்த்ததையும், பொறுமையாகச் சொல்லித் தந்த ஒரு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமே இல்லை. உள்ளே ஒரு டாங்க். அதைச் சுற்றி, பிளாஸ்க்கில் சூடு நிற்பது போல நிற்க ஒரு நுரைப் போர்வை. பழைய கீஸர்களில் பஞ்சு மாதிரி கண்ணாடி இழை இருக்கும். டாங்குக்குள் தண்ணீரைச் சுட வைக்கும் ஹீட்டிங் காயில். சூடு போதும் என்றதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது தன் வேலையைச் செய்யாவிட்டால் காப்பாற்றுவதற்கு இன்னொரு கட்-அவுட். உள்ளே அழுத்தம் கூடினால் திறந்து விடும் சேஃப்டி வால்வு. பல கீஸர்களில் ஒரு மெக்னீசியம் ராடும் இருக்கும்.

இந்த ராடு பற்றிப் பலருக்குத் தெரியாது. தண்ணீரிலுள்ள உப்பு இரும்பு டாங்கை அரிக்காமல், அதற்குப் பதில் தான் கரைந்து போகிற தியாகி இது. கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகள் வைப்பார்களாம், அதே தத்துவம்தான். ராடு முழுக்கக் கரைந்த பிறகு உப்பு டாங்கைத் தின்ன ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் ராடைப் பார்த்து, தேய்ந்திருந்தால் சில நூறு ரூபாயில் மாற்றினால் டாங்க் பிழைக்கும். சர்வீஸ் செய்ய வருகிறவர் தானாக இதைச் சொல்ல மாட்டார். நாம்தான் “ராடு எப்படி இருக்குதுன்னு காட்டுங்க தம்பி” என்று கேட்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

எங்கள் கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. சிறுவாணியோ பில்லூரோ வரும் நல்ல தண்ணீர் குடிக்க, சமைக்க. போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர் குளிக்க, துவைக்க. மேல் தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். கீஸருக்குப் போவதும் அதுதான். டீ போடும் பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும் அல்லவா? அதே கால்சியம் படிவம் தினமும் காயில் மேல் படிகிறது. கொஞ்ச நாளில் காயில் சுண்ணாம்பு பூசின குச்சி மாதிரி ஆகிவிடும். சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாமல் காயில் தன்னையே சுட்டுக் கொண்டு வெடித்து விடும். உதிர்ந்த படிவம் டாங்கின் அடியில் மண் மாதிரி சேர்ந்து, தண்ணீர் கொள்ளும் இடத்தையும் அடைக்கும். கீஸருக்குள் ‘டப் டப்’ என்று பொரிகிற சத்தம் கேட்டால் உள்ளே படிவம் இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் சூடு ஏற ஏற இந்தப் படிவம் வேகமாகச் சேரும். ஆகவே சூடு திருப்பும் குமிழ் உள்ள கீஸர் என்றால் 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். குளிக்க நமக்கு வேண்டியது 40 டிகிரிதான்.

நோய் என்ன என்று நாமே பார்க்கலாம்

காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கிற மாதிரி, கீஸருக்கும் சில அடையாளங்கள் உண்டு.

விளக்கே எரியவில்லை என்றால் முதலில் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா, பிளக் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரி என்றால் கட்-அவுட்டோ தெர்மோஸ்டாட்டோ போயிருக்கலாம். சின்னச் செலவு. ரிப்பேர்தான்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சுடவில்லை என்றால் பெரும்பாலும் காயில் போயிருக்கும். இதுவும் ரிப்பேர்தான், டாங்க் நன்றாக இருந்தால்.

தண்ணீர் கொதித்து ஆவியோடு வருகிறது என்றால் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தவில்லை என்று அர்த்தம். ஸ்விட்ச் போட்டவுடன் எம்.சி.பி. விழுகிறது என்றால் காயில் வெடித்தோ, வயரில் கோளாறாகியோ கரண்ட் கசிகிறது. இந்த இரண்டிலும், “இன்னிக்கு ஒரு நாள் குளிச்சுட்டு நாளைக்குப் பார்க்கலாம்” என்ற பேச்சே கூடாது. உடனே நிறுத்திவிட வேண்டும்.

சொட்டுகிறது என்றால் எங்கிருந்து சொட்டுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தண்ணீர் சூடேறும்போது சேஃப்டி வால்வில் சில சொட்டு விழுவது இயல்பு. தண்ணீர் சூட்டில் விரிகிறது, அதற்கு வழி வேண்டும். அதைக் கோளாறு என்று நினைத்து வால்வின் வாயை எம்சீல் வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. இதைப் போல ஆபத்து வேறில்லை. குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷர், டேப். அடி மூடியைக் கழற்றினால் காயில் பொருத்திய வட்டத் தட்டின் ஓரத்தில் கசிந்தால் ரப்பர் கேஸ்கெட். இவை எல்லாமே ரிப்பேர். ஆனால் போர்வை ஊறி, துரு நிறத்தில் தண்ணீர் இறங்கினால் டாங்க் ஓட்டை. குளிர்ந்த தண்ணீர்க் குழாய் தெளிவாகவும், சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் செம்பழுப்பாகவும் வந்தாலும் டாங்க் உள்ளே துருப்பிடித்து விட்டது என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

டாங்க் ஓட்டை என்றால் மறு பேச்சில்லை, புதுசுதான். ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். ஒரு இடத்தில் அரித்த இரும்பு பக்கத்து இடத்திலும் அரித்துத்தான் இருக்கும். கேஸ்கெட்டா, டாங்கா என்பதை மூடியைத் திறக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே “தேறாது” என்றாலும் சரி, “ஓடும்” என்றாலும் சரி, “கழற்றி என் கண் முன்னாடி காட்டுங்க” என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புடவைக் கடையில் பத்துப் புடவை பிரித்துக் காட்டச் சொல்கிறவர்கள்தானே நாம்!

மூன்று வீட்டுக் கதை

எங்கள் வீட்டில் 2014-ல் வாங்கிய 25 லிட்டர் கீஸர். 2021 மழைக்காலத்தில் விளக்கு எரிந்தது, தண்ணீர் சுடவில்லை. வந்தவர் மூடியைக் கூடத் தொடாமல் “ஏழு வருஷமாச்சுங்க, மாத்திடுங்க” என்றார். திறந்து காட்டச் சொன்னேன். காயில் நடுவில் பிளந்து, சுற்றிலும் வெள்ளை ஓடு. மெக்னீசியம் ராடு இருந்த இடத்தில் வெறும் கம்பி. ஆனால் டாங்கின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்ததில் துருவே இல்லை. காயில், ராடு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்ந்து 2,300 ரூபாய் ஆனது. அன்றைக்குக் கடையில் அதே அளவு புதுசு 9,500 என்றார்கள். மிச்சமான பணம் என் மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு ஆனது. “ஈயம் பூசறவன் தெருவுல வந்த காலத்துல எதை நாங்க தூக்கிப் போட்டோம் அம்மிணி? பூசிப் பூசித்தான் பொழைச்சோம்” என்றார் அவர். அந்த கீஸர் அதற்குப் பிறகு நான்கு மழைக்காலம் ஓடியது.

இரண்டாவது கதை இதற்கு நேர்மாறு. பக்கத்துத் தெரு அக்கா வீட்டில் பதினோரு வருஷத்துக் கீஸர். அடியில் சொட்டியது. கேஸ்கெட் மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி சொட்டு. வேறொருவர் வந்து காயிலோடு சேர்த்து மாற்றினார். நாலாம் மாதம் டாங்க் ஓட்டை என்று தெரிந்தது. புதுக் கீஸர் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேருக்கே போய், கடைசியில் புதுசும் வாங்க வேண்டி வந்தது. சிக்கனம் என்பது செலவு செய்யாமல் இருப்பது மட்டுமில்லை, செத்த மாட்டுக்குப் புல் போடாமல் இருப்பதும்தான்.

மூன்றாவது கதைதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. எங்களுக்கு வேண்டிய ஒரு வீட்டில், குளிக்கும்போது குழாயைத் தொட்டால் ‘சுர்’ என்கிறது என்று வயதான அம்மா சொல்லிக் கொண்டே இருந்தார். “உங்களுக்கு நரம்புத் தளர்ச்சிம்மா” என்று விட்டுவிட்டார்கள். மருமகள் கையிலும் ஒரு நாள் சுர்ரென்றதும் பழைய கீஸரைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். சில மாதத்தில் மறுபடியும் சுர்! நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து சுவரிலுள்ள பிளக் பாயின்டைத் திறந்து பார்த்தார். மூன்று ஓட்டை இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை! கீஸரில் துளி கரண்ட் கசிந்தாலும் பூமிக்குப் போக வழியில்லாமல் குழாய் வழியாக மனுஷர் மேல் வந்திருக்கிறது. பழைய கீஸரை மாற்றியும் ஆபத்து சுவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அந்த அம்மா பிழைத்தது கடவுள் புண்ணியம்.

தோழிகளே, குளிக்கும்போது சுர் என்கிறது என்று வீட்டில் யார் சொன்னாலும், குழந்தை சொன்னாலும், வயதானவர் சொன்னாலும் தயவு செய்து நம்புங்கள். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, எர்த்தையும் கீஸரையும் சேர்த்துப் பார்க்காமல் மறுபடி போடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயினில் இருந்தால், கரண்ட் கசிந்த நொடியே அது விழுந்துவிடும். கீஸர் புதுசு வாங்கக் காசு இருந்து, இது வீட்டில் இல்லை என்றால், முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

‘புதுசு வாங்கினா கரண்ட் பில் பாதியாகும்’

கடையில் நம்மைக் கவிழ்க்கும் வசனம் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சுட வைக்க ஏறக்குறைய ஒரு யூனிட் தேவை. பழைய காயில் ஆனாலும், புதுக் காயில் ஆனாலும் இதே ஒரு யூனிட்தான். 2000 வாட் கீஸருக்கு இதற்கு அரை மணி நேரம் ஆகும். புதுக் கீஸரில் மிச்சமாவது, சுட்ட தண்ணீர் ஆறிப் போகாமல் நிற்பதில்தான். நட்சத்திர முத்திரையும் அதைத்தான் அளக்கிறது. நாள் முழுக்க ஸ்விட்சைப் போட்டே வைக்கும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் நிஜமாகவே லாபம். நம்மைப் போல அரை மணி முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆகவே பில்லுக்காக மட்டும் நன்றாக ஓடுகிற கீஸரைத் தூக்கிப் போட வேண்டாம். அணைக்க மறக்காமல் இருந்தாலே பாதி சிக்கனம் ஆயிற்று. யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடுகிற நம் பில்லில் இது சின்ன விஷயமில்லை.

முடிவுக்கு வரும் வழி

என் கணக்கு இது. டாங்க் ஓட்டை என்றால், வயது எதுவானாலும் புதுசு. (டாங்குக்கு கேரண்டி பாக்கி இருக்கிறதா என்று முதலில் கார்டைத் தேடுங்கள். டாங்குக்கு மட்டும் ஐந்து, ஏழு வருஷம் என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள்.) டாங்க் நன்றாக இருந்து, வயது ஆறேழு வருஷத்துக்குள் என்றால் யோசிக்காமல் ரிப்பேர். பத்து வருஷத்துக்கு மேல் ஆகி, ரிப்பேர் செலவு புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் புதுசு. வயது இடைப்பட்டது என்றால் செலவு பாதி விலையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரே வருஷத்தில் இரண்டாம் முறை கெட்டால், அதுவே ஒரு பதில். பழைய மாடலுக்குப் பார்ட்ஸ் கிடைக்கவில்லை, ‘வேற கம்பெனி தெர்மோஸ்டாட்டை அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டுத் தரேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு பார்ட்ஸில் அட்ஜஸ்ட்மென்ட் கூடாது.

புதுசு என்று முடிவானால்

அளவைக் கணக்காக எடுங்கள். 60 டிகிரி சூட்டில் 25 லிட்டர் இருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கும் பதத்தில் கணக்குப்படி 58 லிட்டர் வரும். அதாவது மூன்று பக்கெட். 15 லிட்டர் என்றால் 35 லிட்டர், இரண்டு பக்கெட். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 15 தாராளம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியம். அடுக்குமாடியில் கீழ்த் தளத்தில் இருப்பவர்கள், பிரஷர் பம்ப் உள்ளவர்கள், எத்தனை ‘பார்’ அழுத்தம் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு பார்.

2000 வாட் கீஸர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சமையலறைக்கு வாங்கும் 3000 வாட் இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி மாட்டுகிற சின்ன பிளக்கில் மாட்டினால் பிளக் உருகிவிடும். பெரிய 16 ஆம்பியர் பாயின்ட், நல்ல எர்த், தனி எம்.சி.பி. வேண்டும்.

அவசரத்துக்கு என்று பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு வாங்குகிறவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை யோசிக்கவே வேண்டாம். கேஸில் ஓடும் கீஸரை மூடிய பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, தூக்கம் வருவது போல ஆளைச் சாய்த்துவிடும்.

இன்னொன்று. உங்கள் பழைய கீஸர் செம்பு டாங்க் வைத்த அந்தக் காலத்து மாடல் என்றால், எக்ஸ்சேஞ்சில் ஐநூறு ரூபாய்க்குத் தூக்கிக் கொடுத்து விடாதீர்கள். உள்ளே செம்பு நிறம் தெரிந்தால் பாத்திரக் கடையில் எடை போட்டு விலை கேளுங்கள். பழைய செம்புக்கு என்றைக்கும் மரியாதை உண்டு.

கடைசியாக, காசே செலவில்லாத இரண்டு பழக்கம். மேல் தொட்டியைக் கழுவிய நாளிலும், தண்ணீர் நின்று வந்த நாளிலும், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். டாங்க் காலியாக இருக்கும்போது போட்டால் காயில் அப்போதே கருகிவிடும். இரண்டாவது, கீஸர் மாட்டிய தேதியையும், ஒவ்வொரு தடவை என்ன மாற்றினோம், எவ்வளவு ஆனது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, கேரண்டி கார்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அடுத்த தடவை “தேறாதுங்க அக்கா” என்று யாராவது சொன்னால், அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு நீங்களே பதில் சொல்லலாம்.

— ஒரு வாசகி, கோவை.